ஷாம்பூவுக்கு எழுதிய சொல்

ஏற்காட்டில் தியானம் கற்றுக்கொடுத்த மங்கையர்க்கரசி அம்மாவின் சீடர்களில் குலசேகரன் குருவைவிடவே வயதில் மூத்தவர். சென்னையில் காலமெல்லாம் விளம்பர வாசகம் எழுதிப் பிழைத்தவர். அந்த முறை அவர் வந்தபோது முகம் வாடியிருந்தது.

விபத்தில் இடுப்பெலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்த மகள் ஆதிரை, அதற்கு முந்தின வாரம்தான் பிடிமானம் இல்லாமல் முதன்முதலாக நடந்திருக்கிறாள். அவர் "வாவ்" என்றாராம். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"ஷாம்பூவுக்கும் இதைத்தானேப்பா எழுதினீங்க?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அதன்பின் அவர் எதிரில் நடக்கவே இல்லை.

"வேற ஒரு சொல் கொடுங்கம்மா" என்றார் குலசேகரன். "அற்புதம், அபாரம் எல்லாத்தையும் நானே எழுதி எழுதித் தேய்ச்சுட்டேன்."

"வாவ்னா என்ன அர்த்தம்?"

"இங்கிலீஷ்ல வியந்து போனா சொல்றது. தனியா அர்த்தம்னு இல்லைம்மா. வாய் தானா திறக்கிறப்போ வர்ற சத்தம்தான்."

"ஆதிரை எந்தக் காலை முதல்ல எடுத்து வச்சா?"

குலசேகரனுக்குத் தெரியவில்லை. அந்த நேரம் கைப்பேசியில் அவளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

எந்தக் கால் என்று நேரில் பார்த்துவிட்டு வரச்சொல்லி குரு அனுப்பிவிட்டார்.

வீட்டுக்குப் போனவர் மகளிடம் உள்ளதைச் சொன்னார். அன்றைக்கு நீ நடந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை, இன்னொரு தடவை நடப்பாயா என்று கேட்டார். ஆதிரை எழுந்தாள்.

அடுத்த மாதம் மலையேறி வந்தவர், உட்காரும் முன்பே சொல்லத் தொடங்கினார்.

"இடது கால்தாம்மா. எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடி கண்ணை மூடிக்கிட்டா. வலது கால் வரமாட்டேன்னு தரையைத் தேய்ச்சுது. பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுத்தா. ஜன்னல்கிட்ட திரும்பறப்போ உடம்பு ஆடிப்போச்சு. பிடிக்கலாம்னு எழுந்தேன், வேண்டாம்னு தலையாட்டினா. தானே திரும்பிட்டாம்மா. எம் பொண்ணுக்கு இவ்வளவு நெஞ்சுறுதி இருக்கும்னு எனக்குத் தெரியாது."

"என்ன சொன்னீங்க அவகிட்ட?"

குலசேகரன் அப்போதுதான் உட்கார்ந்தார்.

"ஒண்ணும் சொல்லலையேம்மா. கிட்ட வந்து அவ என் கண்ணைத் துடைச்சப்போதான் நான் அழறேன்னே தெரிஞ்சுது. சொல்ல மறந்துட்டேன்."

"அவளுக்குக் கேட்டிருக்கும்" என்றார் மங்கையர்க்கரசி.