பாசி பிடிக்காத தளம்

தென்காசிக்கு மேற்கே, குற்றாலத்துச் சாரல் வந்து விழுகிற ஒரு தெருவின் கடைசியில் வேலம்மையின் வீடு. ஒரு காலத்தில் பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர். வேலையை விட்டுப் பத்து வருஷம் ஆகிறது. காலையில் பத்துப் பதினைந்து பேர் அவர் வீட்டுக் கூடத்தில் வந்து கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். உபதேசம் கேட்டு வருகிறவர்களுக்கு அங்கே பெரும்பாலும் கிடைப்பது சுக்குக் காபிதான்.

அவருடைய சீடர்களில் மூத்தவர் கோமதிநாயகம். வயது அறுபத்தெட்டு. குருவைவிடப் பதினெட்டு வயது பெரியவர். நெடுஞ்சாலைத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று மாவட்டத்தில் அவர் போட்ட சாலைகளில் இன்றைக்கும் லாரி ஓடுகிறது. அப்பேர்ப்பட்ட மனுஷருக்குத் தன் வீட்டுப் பாதை நாற்பத்தைந்து அடிக்கு என்ன தளம் போடுவது என்று தெரியாமல் இரண்டு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை.

ஆனி மாதம் ஒரு காலை. எல்லோரும் போன பிறகு கோமதிநாயகம் தன் காரின் பின்கதவைத் திறந்து பத்துக் கல் துண்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி வேலம்மையின் முற்றத்தில் பரப்பினார். கூடவே ஒரு தடித்த ஃபைல்.

"என்ன அண்ணாச்சி, வீடு கட்டுதீங்களா?"

"இல்லம்மா. எங்க வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவுல கார் போற பாதை இருக்குல்லா, அதுக்கு. சொரசொரப்புக் கிரானைட், பேவர் பிளாக், வார்த்த கான்கிரீட், கூழாங்கல் பதிச்ச பலகை, மேல மருந்து பூசின ஓடு... எல்லாம் பாத்துட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் வேணும். போட்டுட்டா அதுக்கப்புறம் அதைத் திரும்பிப் பாக்கக் கூடாது. தேய்க்க, கழுவ, மருந்தடிக்க, ஒரு வேலையும் இருக்கக் கூடாது. பாசி பிடிக்கவே கூடாது. எதைப் போடட்டும்?"

வேலம்மை குனிந்து கடைசித் துண்டைத் தொட்டுப் பார்த்தார். சாதாரணக் கடப்பா கல்.

"இது?"

"அது சும்மா ஒப்பிட்டுப் பாக்க. ஆகவே ஆகாது. ஒரு சாரல் தாங்காது, வழுக்கும்."

"அவசரமா போடணுமா?"

கோமதிநாயகம் ஃபைலை மூடினார். அவர் குரல் தாழ்ந்தது.

"ஆவுடையப்பன் விழுந்துட்டாம்மா. வைகாசி கடைசியில. அந்தப் பாதையில பாசி வழுக்கி இடுப்பெலும்பு போச்சு. ஆபரேஷன் பண்ணி வாக்கரை வச்சு நடக்கான். இன்னொரு தடவை விழுந்தா எந்திக்க மாட்டாருன்னு டாக்டர் சொல்லிட்டாராம். அவன் மக சென்னையில இருந்து வந்து நின்னா. தரை இப்படிக் கெடந்தா அப்பாவை இங்க விட மாட்டேன், ஆவணியில வீட்டைப் பூட்டிட்டுக் கூட்டிட்டுப் போறேன்னுட்டா."

"தம்பி சொன்னாரா?"

"அவன் எங்கம்மா சொல்லுவான்? தெருவுல சொன்னாங்க. நாங்க பேசி ஆறு வருஷம் ஆகுது."

ஆறு வருஷக் கதை வேலம்மைக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும். தம்பி ஆவுடையப்பன் ஓவிய ஆசிரியர். அவர் காசிக்குப் போயிருந்த பத்து நாளில், திரும்பி வந்து பார்த்து அசந்து போகட்டும் என்று அண்ணன் அந்தப் பொதுப் பாதைக்கு சிமெண்ட் தளம் போட்டார். ஆசையாகத்தான் போட்டார். ஆனால் கை பழகிய வேலை அல்லவா? வீட்டுப் பாதைக்கும் நெடுஞ்சாலை மாதிரியே நடுவை உயர்த்தி, தண்ணீர் இரண்டு பக்கமும் இறங்கும்படி வாட்டம் வைத்துவிட்டார். அண்ணன் வீடு மேடு. தம்பி வீடு பள்ளம். ஐப்பசி மழையில் தண்ணீர் நேரே தம்பி வீட்டு முன்னறைக்குள் போனது. அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த நாற்பது வருஷத்துப் படங்கள் ஊறிக் கூழாகிவிட்டன.

நனைந்த தாள்களைக் கையில் ஏந்திக்கொண்டு தம்பி வந்து நின்றபோது, அண்ணன் உள்ளே போய்த் துறையின் விதிப் புத்தகத்தை எடுத்து வந்து பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். பாதை என்றால் இரண்டு பக்கமும் வாட்டம் வைக்க வேண்டும், விதி அப்படித்தான் என்றார். புத்தகத்தில் இருந்தது என்னவோ உண்மைதான். தம்பி ஒன்றும் பேசாமல் போனவர், போனவர்தான். மறுநாள் தன் வாசலில் ஒரு அடி உயரத்துக்குத் தடுப்புச் சுவர் எழுப்பிக்கொண்டார்.

"தளத்தைப் பத்தி இப்ப அவர்ட்ட கேட்டீங்களா?" என்றார் வேலம்மை.

"எதுக்குக் கேக்கணும்? பரிசோதனைக்குன்னு திருநெல்வேலி போவான்ல, அந்த ரெண்டு நாள்ல ஆளை விட்டுப் போட்டு முடிச்சிருவேன். நல்லதுதானம்மா செய்யப் போறேன்."

"போன தடவையும் நல்லதுதானே செஞ்சீங்க."

கோமதிநாயகத்துக்குச் சுருக்கென்றது. முகத்தைக் கல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எது நல்ல கல்லுன்னு மட்டும் சொல்லுங்கம்மா."

வேலம்மை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒன்பது துண்டுகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போய்க் கிணற்றடிச் சுவரோரம் வரிசையாக வைத்தார். கடப்பா கல்லை மட்டும் கூடத்துக்கு ஏறுகிற படிக்குக் கீழே, மண்ணில் அழுத்திப் பதித்தார். பதித்துவிட்டு அதன் மேல் ஏறி நின்று இரண்டு குதி குதித்துப் பார்த்தார். பழைய விளையாட்டு ஆசிரியை.

"ஒரு மண்டலம் இருக்கட்டும். சாரல் சொல்லும்."

"நாப்பத்தெட்டு நாளாம்மா? ஆவணி வந்துரும்."

"ஆடி கடைசியில வாங்க."

அந்த நாற்பத்தெட்டு நாளும் கோமதிநாயகத்துக்கு எப்படிப் போனது என்று சொல்ல வேண்டும். பாவமாக இருக்கும். காலை பத்து மணிக்கு எதிர் வீட்டுக் கதவு திறக்கும். வாக்கர் தட்டுகிற சத்தம் கேட்கும். இவர் ஜன்னலுக்கு வந்துவிடுவார். டயர் உருண்டு வெளுத்த தடத்திலேயே ஆவுடையப்பன் அடி அடியாகத் தெருமுனை வரை போய்த் திரும்புவார். நடுவில் ஒரு முழ அகலத்துக்குப் பாசி பச்சைப் பசேலென்று ஓடிக் கிடந்தது. தம்பியின் கால் அந்தப் பக்கம் சாயும்போதெல்லாம் இவர் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். கதவைத் திறக்க மட்டும் மாட்டார்.

ஒரு நாள் மத்தியானம் தம்பி தூங்குகிற நேரம் பார்த்து பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து நடுப்பாதையில் ஊற்றித் தேய்த்தார். நிமிர்ந்தால் தம்பி மனைவி பகவதி தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

"அத்தான், குனியாதீங்க. காய்ச்சல்ல கெடந்த உடம்பு," என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

தனக்குக் காய்ச்சல் வந்தது இவளுக்கு எப்படித் தெரியும் என்று கோமதிநாயகம் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு போனார். பத்து நாளில் பாசி திரும்பவும் வந்துவிட்டது.

ஆடி கடைசி. சாரல் ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலையில் வேலம்மை அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனார்.

ஒன்பது கல்லும் பச்சை. கிரானைட்டின் சொரசொரப்புக்குள் பாசி. கூழாங்கல் இடுக்கில் பாசி. பத்து வருஷத்துக்குப் பாசியே வராது என்று கடைக்காரர் கையடித்துக் கொடுத்த மருந்து ஓட்டின் மேல் மெல்லிசாக, பார்க்க அழகாகக்கூட, பாசி.

"ஒண்ணுகூடத் தேறலையேம்மா," என்றார் கோமதிநாயகம். அழுதுவிடுவார் போல இருந்தது.

"பத்து கல்லுல்லா கொண்டாந்தீங்க?"

படிக்குக் கீழே வந்தார்கள். கடப்பா கல் சுத்தமாகக் கிடந்தது. ஓரங்களில் மட்டும் பச்சை. நடுவெல்லாம் கருநீலம், அதன் இயல்பான நிறம்.

அவர் குந்தி உட்கார்ந்து விரலால் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார்.

"என்ன மருந்து போட்டீங்க?"

"ஒண்ணும் போடல."

"தெனமும் கழுவுனீங்களா?"

"இல்ல."

"பின்ன எப்படிம்மா? இருக்கதுலயே மட்டமான கல்லு இது."

"காலையில இதுல மிதிச்சுத்தான பதினஞ்சு பேர் ஏறுதீங்க. மிதிச்சுத்தான இறங்குதீங்க."

கோமதிநாயகத்துக்குள் இருந்த பொறியாளர் தலை தூக்கினார்.

"சரிம்மா. ஆனா எங்க பாதையிலயும் ஆள் நடக்காங்களே. தம்பி அவன் ஓரத்துல போறான். நான் என் ஓரத்துல போறேன். கார் போகுது. நடுவுல மட்டும் ஏன் இப்படி மண்டுது? வெயில் விழலயோன்னு நெனச்சேன். அளந்தும் பாத்தேன், வெயில் நல்லாத்தான் விழுது."

"நடுவுல யாரு நடக்கா?"

"யாரும் நடக்க மாட்டாங்க. நடுவுல போகணும்னா அந்த வீட்டுல இருந்து இந்த வீட்டுக்கு..."

அங்கே நிறுத்திக்கொண்டார்.

வேலம்மை படியில் உட்கார்ந்தார். இப்போது அவர் குரலில் கேலி இல்லை.

"அண்ணாச்சி, உங்க தம்பி எந்த இடத்துல விழுந்தாரு?"

"நடுவுலதான்."

"அவரு ஓரமாத்தான போவாருன்னீங்க. நடுவுக்கு ஏன் வந்தாரு?"

"தெரியலம்மா."

"நீங்க அப்ப எங்க இருந்தீங்க?"

"வீட்டுலதான். வீட்டுக்காரி பேரன் பொறப்புக்குப் பெங்களூரு போயிட்டா. நான் தனியா இருந்தேன். மூணு நாள் காய்ச்சல், எந்திரிக்கவே முடியல. வாசக்கதவுகூடத் திறக்கல. பேப்பர் மூணும் படியிலயே கெடந்து நனைஞ்சு... தொப்புன்னு சத்தம் கேட்டு எந்திச்சு வந்தேன். அதுக்குள்ள ஆட்டோக்காரரும் பகவதியும் தூக்கிட்டாங்க. நான் கதவைப் பிடிச்சுட்டு நின்னேன். கிட்டப் போகல."

"எந்தப் பக்கம் பாத்து விழுந்து கெடந்தாரு?"

"அதெல்லாம் நான்..."

கோமதிநாயகம் கண்ணை மூடினார். நாலு வருஷமாக அந்தக் கூடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தவர்தான். அப்போதெல்லாம் தெரியாத ஒன்று இப்போது தெரிந்தது போலிருந்தது.

"ஒரு செருப்பு," என்றார். "அவன் செருப்பு ஒண்ணு எங்க படிக்குக் கீழ வந்து கெடந்துச்சும்மா. ரெண்டு நாள் கெடந்துச்சு. நான்தான் எடுத்து அவங்க சுவர் மேல வச்சேன்."

வேலம்மை படியில் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"பேப்பர் கெடக்கதைப் பாத்துட்டு..." என்று கோமதிநாயகம் ஆரம்பித்தார். முடிக்க முடியவில்லை. இத்தனை கல்லை அலசி, ஈரம் அளந்து, வெயில் அளந்து, ஃபைல் போட்டு வைத்த மனுஷர், விழுந்தவன் எங்கே போகக் கிளம்பினான் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளவில்லை. அறுபத்தெட்டு வயதுக் கிழவர் அந்த மட்டமான கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துண்டில் முகத்தைப் புதைத்து அழுதார். வேலம்மை உள்ளே போய்ச் சுக்குக் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். ஆறிப்போகும் வரை அது அப்படியே இருந்தது.

வெகு நேரம் கழித்து அவர் எழுந்தார். ஆறின காபியை ஒரே மடக்கில் குடித்தார். ஃபைலை எடுக்கவில்லை. வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"அம்மா, இப்பவே போறேன். ஆனா ஆறு வருஷம் ஆச்சு. என்னன்னு பேச்சை ஆரம்பிக்க? மன்னிச்சுக்கோன்னா அவன் உள்ள போயிருவான். அவனுக்கு அதெல்லாம் ஆகாது. நான் என்ன கேக்கட்டும்?"

"புதுசா தளம் போடப் போறேன், வாட்டம் எந்தப் பக்கம் வைக்கட்டும்னு அவர்ட்ட கேளுங்க."