சடையாண்டி கட்டுன மொத வீடு

ஊருன்னு ஒண்ணு முளைக்கிறதுக்கு முன்னாடி, மலையடிவாரத்துல ஒரே ஒரு வீடு இருந்துச்சாம். காட்டை வெட்டி மொதமொதக் கட்டுன வீடு. கட்டுனவன் சடையாண்டி. ஆத்தா இல்லாத மக ஒருத்தி, பேரு பவுனு. கேக்குறியா?

"ம்."

அவன் சரியான சந்தேகப் பிராணி. காக்கா கத்துனாக்கூட, யாரு அனுப்புனான்னு கேப்பான். அப்புறம் ஒச்சம்மான்னு ஒருத்தி குடும்பத்தோட பக்கத்துல குடிசை போட வந்தாளா, திருடத்தான் வந்திருக்காங்கன்னு இவன் முடிவே பண்ணிட்டான். உடனே இருந்த சன்னலை மண்ணு வச்சு அடைச்சான். கதவுக்கு உள்ள கனமா ஒரு குறுக்குக் கட்டை போட்டான். கூரை வெளிய நீண்டிருந்தா அடியில நின்னு ஒட்டுக் கேப்பாங்களாம், அதனால ஓலையைச் சுவரோட ஒட்ட நறுக்கிட்டான். மண்சுவருக்குக் கூரைதான குடை! அறிவு வேணாம்?

மககிட்டயும், "என் குரல்லயே திருடன் கூப்பிடுவான், தொறக்காத"ன்னு சொல்லி வச்சிருந்தான்.

அப்போ ஒருநாள் மத்தியானம் சோன்னு மழை. காட்டுல இருந்து ஓடி வந்தவன் பாக்குறான், மேக்குச் சுவரு ஊறிப்போயி, சர்ர்ருன்னு வெடிப்பு விடுது. மக உள்ள!

"பவுனு, அப்பா வந்திருக்கேன், தொற!"

"எங்கப்பா குரல்ல திருடன் வருவான்னு எனக்குத் தெரியும்!"

"உங்கம்மா பேரு வீராயி!"

"அது யாருக்குத்தான் தெரியாது?"

"கம்பு மூட்டையை எங்க ஒளிச்சிருக்கோம்னு சொல்லட்டா?"

"அதான பாத்தேன்! அதுக்குத்தான வந்திருக்க!"

தூங்கிட்டியா?

"ம்ஹும்... அப்புறம்?"

அப்புறம் டொம் டொம்னு கதவை இடிக்கிறான், அசையல. சத்தம் கேட்டு ஒச்சம்மா ஓடி வந்தா. "பவுனு, நான் ஒச்சம்மா. என்னையும் நம்ப வேண்டாம்டி. மேக்குச் சுவத்துல கைய வச்சுப் பாரு."

வச்சுப் பாத்தா. பொதக்குன்னு கை உள்ள போயிருச்சு. ஐயோன்னு கட்டையை இழுத்துத் தள்ளிட்டு வெளிய பாஞ்சா. பின்னாடியே தொம்முனு சுவரு உள்பக்கமா விழுந்துச்சு.

ஒச்சம்மா குடிசையில சடையாண்டி மகளைத் தூக்கக் கைய நீட்டுனான். அவ ஒச்சம்மா முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுகிட்டு, "அத்தை, இது நெசமாவே எங்கப்பாதானா?"ன்னு கேட்டா.

அவன் அப்படியே தரையில உக்காந்து ஓன்னு அழுதுட்டான். உனக்கு அவன் பாவமா? எனக்கு அந்தப் புள்ளதான் பாவம்.

சரி, கதை படுத்துருச்சு. நீயும் படு.