எப்சிபா டீச்சரின் மூன்று சான்றிதழ்கள்

நாம் போலி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொற்குடும்பமே இருக்கிறது. அந்தக் குடும்பத்தில் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. பாளையங்கோட்டையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தும் எப்சிபா டீச்சருக்கு இது நன்றாகத் தெரியும். யாராவது மட்டமான சரக்கை ‘டூப்ளிகேட்’ என்று சொல்லிவிட்டால் போச்சு.

“டூப்ளிகேட்னா, கொடுத்தவங்களே ரெண்டாவது தடவை கொடுக்கது. மேலேயே டூப்ளிகேட்னு எழுதியிருக்கும். ட்ரூ காப்பின்னா, நான் நகல்தான்னு அதுவே ஒத்துக்கிடும். இன்னொருத்தர் கையெழுத்தைத் தானே போட்டுட்டு, அவர் போட்டதுன்னு சொல்லுதான் பாரு, அதுதான் ஃபோர்ஜரி.”

பொய் அவருக்கு ஆகவே ஆகாது. பீடியை விட்டுவிட்டேன் என்று புளுகிய கணவர் ஜெபமணியோடு பதினோரு நாள் பேசவில்லை. ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டரான ஜெபமணி, பாவம், அந்தப் பதினோரு நாளை இன்னும் மறக்கவில்லை.

டீச்சர் தங்கையோடு மதுரைக்குக் கண்புரை ஆபரேஷனுக்குப் போயிருந்த வாரத்தில், இன்ஸ்டிடியூட் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த அவருடைய சான்றிதழைக் கரையான் தின்றுவிட்டது. 1983-இல் டைப்ரைட்டிங் ஹையர் தேர்வில் முதல் வகுப்பு வாங்கியது. அந்த ஒரு தாளை நம்பித்தான் அவர் இன்ஸ்டிடியூட் திறந்து இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினார். வந்ததும் வெறும் சட்டத்தைப் பார்த்தால் மனுஷி உடைந்துபோவார். வீட்டில் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் காரியத்தில் இறங்கினார்கள்.

மகன் டேனியல் ஒரு புரோக்கரைப் பிடித்தான். தேர்வு நடத்தும் துறையில் சொல்லி டூப்ளிகேட் வாங்கித் தருவதாகச் சொன்ன அந்த ஆள், மறுநாள் காலையே புத்தம்புதுச் சான்றிதழை நீட்டினார். 1983 என்ற தேதி, முத்திரை, அதிகாரியின் கையெழுத்து எல்லாம் கச்சிதம். பழையதில் இல்லாத ஒரு எழுத்துகூட அதில் இல்லை. கையெழுத்தின் மை டேனியலின் கட்டைவிரலில் ஒட்டியது. “வேலைன்னா இப்படில்லா நடக்கணும்” என்று பூரித்துப்போனான்.

மகள் கிரேஸ்லின் தன் அலமாரியைக் குடைந்து ஒரு ஜெராக்ஸைக் கண்டெடுத்தாள். என்றோ ஒரு விண்ணப்பத்துக்காக எடுத்தது. அசலைப் பார்த்து ஓர் அரசு மருத்துவர் அதில் பச்சை மையால் ‘ட்ரூ காப்பி’ என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்.

ஜெபமணி மூன்று நாள் குனிந்து உட்கார்ந்து, கெட்டித் தாளில் சான்றிதழை ஞாபகத்திலிருந்தே வரைந்தார். ஓரத்துப் பூவேலை, முத்திரை, எழுத்து எல்லாம் வந்துவிட்டன. அதிகாரியின் கையெழுத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. கடைசியில் அந்த இடத்தில் ‘ஜெபமணி வரைந்தது’ என்று சின்னதாக எழுதினார்.

டீச்சர் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். மூன்று தாளும் மேசைக்கு வந்தன. மூன்று பேரும் திருதிருவென்று விழித்தார்கள்.

“என் மேல உள்ள பாசத்துலதான் செஞ்சிருக்கீங்க, தெரியுது” என்றார் டீச்சர். “ஆனா இதுல ஒண்ணு ஃபோர்ஜரி. அதைக் கிழிக்கப் போறேன்.”

“எப்சி, ஏமாத்தணும்னு நான் வரையல” என்றார் ஜெபமணி. டீச்சர் ஒரு தாளைக் கையில் எடுத்தார்.

படிக்கிறவர்களே, இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொள்கிறேன். டீச்சர் எதைக் கிழித்தார்? எதைச் சட்டத்துக்குள் வைத்தார்? ஏமாற்றியவர் யார்?

விடை: கிழிபட்டது டேனியல் கொண்டுவந்தது. டூப்ளிகேட் என்றால் அதன்மேல் அப்படி எழுதியிருக்க வேண்டும், எழுதியிருக்கவில்லை. 1983-இல் போட்ட கையெழுத்தின் மை இன்று விரலில் ஒட்டாது. ஆனால் ஏமாற்றியவர் புரோக்கர்தான், டேனியல் ஏமாந்தவன். மகளின் தாள் ஆபீஸ் காரியத்துக்கு உதவும் என்று ஃபைலுக்குப் போயிற்று. ஜெபமணியின் தாள் யாரையும் ஏமாற்றவில்லை. வரைந்தவர் பெயரை அதுவே சொல்லிவிடுகிறது. டீச்சர் அதைப் புதுக் கண்ணால் வரிவரியாகப் படித்து, ஓர் எழுத்துப் பிழையைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, அப்படியே சட்டத்தில் மாட்டினார். புதிதாகச் சேர வருகிறவர்கள் கேட்டால், “அது சர்ட்டிபிகேட் இல்ல, எங்க வீட்டுக்காரர் வரைஞ்சது” என்கிறார். அதைக் காதால் கேட்பதற்காகவே ஜெபமணி இப்போதெல்லாம் அட்மிஷன் நாட்களில் இன்ஸ்டிடியூட் பக்கம் ஏதாவது வேலை வைத்துக்கொள்கிறார்.