பெடலில் யாரோ கால் வைத்திருக்கிறார்கள்

"அம்மணி, இந்தப் பெட்டிக்குக் காது எங்க இருக்குது?"

கேட்டது சென்னியப்பன். கோகிலவாணி டீ கிளாஸை அவர் பக்கம் தள்ளினாள்.

"ஆறிடும். குடிங்கண்ணா."

குருவுக்கு முப்பத்தொரு வயது. சீடருக்கு ஐம்பத்தொன்பது. கார்களுக்குள் பொருத்துகிற கம்ப்யூட்டர் பெட்டிகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது அவள் தொழில். அவரோ முப்பத்தைந்து வருடமாகக் கார்களின் வயிற்றைத் திறந்து மூடியவர். கோயம்புத்தூர் பட்டறைக்காரர்கள் இந்த ஜோடியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே. தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்பதற்குச் சென்னியப்பன் என்றைக்கும் வெட்கப்பட்டதில்லை.

கோகிலவாணியின் வாசலில் நின்றது டாக்டர் ரூபாவதியின் கார். அதற்கு ஐம்பது வயது. பெட்ரோலை அளந்து இஞ்சினுக்குள் பீய்ச்ச அதில் ஒரு இரும்புப் பம்பு இருந்தது. பல்லும் தண்டுமாக, கரண்டு கலக்காத வெறும் இயந்திரம். அது தேய்ந்துபோய், மாற்றுச் சாமானும் கிடைக்காமல், கடைசியில் அதைக் கழற்றிவிட்டு கம்ப்யூட்டர் பெட்டியே பெட்ரோலை அளக்கும்படி மாற்றினார்கள். கோகிலவாணி சொல்லச் சொல்ல, சென்னியப்பன் தன் கையாலேயே செய்த வேலை. முடித்த அன்று கார் ஓடுவதே தெரியவில்லை, அவ்வளவு சீர்.

பத்தே நாள்.

"கோத்தகிரி ரோட்டுல, ஏழாவது வளைவுல, டாக்டரம்மா பெடல்ல இருந்து காலை எடுத்ததும் அணைஞ்சு போச்சுங்க. வண்டி பின்னால உருண்டு, தடுப்புச் சுவத்துல முட்டி நின்னிருக்குது."

"அவங்களுக்கு?"

"ஒண்ணும் ஆகல." சென்னியப்பன் கிளாஸைக் கீழே வைத்தார். "ஞாயித்துக்கிழமை நீங்களும் வாங்க, அதே வளைவுல நிறுத்தி எடுத்துப் பார்ப்போம், மறுபடி அணைஞ்சா பழைய இரும்புக்குப் போட்டுடறேன்னு சொல்லிட்டாங்க. உங்க மேல தப்பில்லைன்னு வேற சொன்னாங்க. அதுதான் அம்மணி எனக்குத் தாங்கல."

இருபத்திரண்டு வருடம் அவர் பார்த்துக்கொண்ட வண்டி. சொந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போதுகூட அவர் குரல் இப்படி இறங்கியதில்லை.

"நான் செட் பண்ணிக் குடுத்த பிறகு எதையாச்சும் தொட்டீங்களாண்ணா?"

"ஒண்ணையும் தொடல."

"ஒண்ணையுமா?"

"சத்தியமாங்க. தினம் காலைல டாக்டரம்மா வீட்டுக்குப் போய் ஸ்டார்ட் பண்ணுவேன், நின்னு கேப்பேன், அவ்வளவுதான். எனக்குக் காது இருக்குது, கேக்கறேன். இஞ்சின் நடுங்குறது அந்தப் பெட்டிக்கு எப்படித் தெரியும்? அதைத்தான் முதல்லயே கேட்டேன், நீங்க டீயைக் குடுத்துட்டீங்க."

கோகிலவாணி எழுந்து போய் லேப்டாப்பைக் காரோடு இணைத்தாள். சாவியைத் திருப்பினாள். இஞ்சின் ஓடியது, நன்றாகவே நடுங்கியது. அவள் இறங்கி வந்து திரையைப் பார்த்தாள்.

"ஓட்டுற சீட்டுல யாரு உக்காந்திருக்காங்க?"

"யாரும் இல்லியே."

"யாரோ பெடல்ல கால் வெச்சிருக்காங்கன்னு பெட்டி சொல்லுது. இந்த இடத்துல பூஜ்யம் வரணும். ஆறு வருது பாருங்க."

சென்னியப்பன் குனிந்து காருக்குள் பார்த்தார். நிஜமாகவே பார்த்தார், மனுஷன்.

"பெட்டி பொய் சொல்லுதுங்க."

"அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அந்த ஆள் யாருன்னு கண்டுபிடிச்சு வைங்க. நான் சாப்பிட்டுட்டு வர்றேன்."

போயே போய்விட்டாள்.

சென்னியப்பன் தேடினார். பெடலுக்கு அடியில் விரிப்பு சிக்கியிருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்தார். இல்லை. பெடலிலிருந்து போகும் கேபிளை இழுத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. ஸ்பிரிங்கைத் தட்டிப் பார்த்தார். அதுவும் சரி. திரையில் ஆறு ஆறாகவே நின்றது. இது என்னடா கூத்து என்று அவருக்கு ஒரு பக்கம் எரிச்சல், ஒரு பக்கம் ஆசை, அந்த ஆளைப் பார்த்துவிட வேண்டுமென்று.

இஞ்சின் இன்னும் கொஞ்சம் நடுங்கியது.

காது கேட்டது. கை சட்டைப் பைக்குப் போனது. மஞ்சள் பிடி போட்ட சின்ன ஸ்க்ரூ டிரைவர் வெளியே வந்தது. பெடலை மிதித்தால் காற்றுக் குழாயின் உள்கதவு திறக்கும்; அதை முழுக்க மூட விடாமல் தாங்கி நிற்கும் திருகு ஒன்று உண்டு. முப்பத்தைந்து வருடமாக எந்த வண்டி நடுங்கினாலும் அவர் கை அங்கேதான் போகும். ஒரு நூல் திருப்பினார். இஞ்சின் அடங்கியது.

அவர் நிமிர்ந்தார்.

திரையில் எட்டு.

சென்னியப்பன் திருகை ஒரு நூல் பின்னால் எடுத்தார். ஆறு. முன்னால் திருப்பினார். எட்டு.

கோகிலவாணி திரும்பி வந்தபோது அவர் மேஜை மேல் ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இரண்டு கையிலும் டீ கிளாஸ் இருந்தது.

"ஆள் கிடைச்சாங்களாண்ணா?"

"கிடைச்சானுங்க. தினம் காலைல வந்து மிதிச்சிருக்கறான். கேட்டா ஒண்ணையும் தொடலைன்னு சத்தியம் பண்றான்."

அவள் சிரிக்கவில்லை. "பெடல்ல கால் இருக்குற வரைக்கும், ஓட்டுறவங்க பார்த்துக்குவாங்கன்னு பெட்டி பேசாம இருந்துடும். காலை எடுத்தாத்தான் அதுவே இஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும். திருகைப் பழைய இடத்துக்கே விடுங்க."

விட்டார். திரையில் பூஜ்யம் வந்தது. இஞ்சின் சட்டென்று இறங்கி, மூச்சுக்குத் திணறி, உடம்பெல்லாம் ஆட ஆரம்பித்தது. அவர் கை தானாக மேஜைப் பக்கம் போனது.

போன கையில் அவள் ஒரு கிளாஸைக் கொடுத்தாள். அடுத்த கையில் இன்னொன்று. விளிம்பு வரைக்கும் டீ. கொதிக்கக் கொதிக்க.

"ஒண்ணு உங்களுக்குங்களா?"

"ரெண்டும் உங்களுக்குத்தாண்ணா. கீழ வெக்கக் கூடாது."

"அம்மணி, அணைஞ்சுரும்."

இஞ்சின் இருமியது. விரல் சுட்டது. டீ தளும்பி மணிக்கட்டில் வழிந்தது. இன்னொரு இருமல். அப்புறம் எங்கிருந்தோ ஒரு பிடிமானம் கிடைத்த மாதிரி இஞ்சின் மெல்ல மெல்ல ஏறி, நின்று, சீராக ஓட ஆரம்பித்தது.

"கேக்குதுங்க அம்மணி," என்றார் சென்னியப்பன். "அதுக்குக் கேக்குது."

மஞ்சள் பிடி ஸ்க்ரூ டிரைவர் அவள் மேஜையிலேயே கிடந்தது. அவர் அதைக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. ஏழாவது வளைவு, டீக்கடை.

பின் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, டாக்டர் ரூபாவதி காரை அணைத்து மறுபடி எடுத்தார். பெடலிலிருந்து காலையும் எடுத்தார். மேலே மலை, பக்கத்தில் அதே தடுப்புச் சுவர். இஞ்சின் இறங்கி, கிடுகிடுவென்று நடுங்கியது.

"சென்னியப்பன், ஏதாவது பண்ணுங்க."

"பண்ணிட்டுத்தான் இருக்கறேனுங்க டாக்டர்."

அவர் பானெட் பக்கத்தில் நின்றிருந்தார். இரண்டு கையிலும் டீ.

டாக்டர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். "அப்போ எனக்கு வாங்குன டீயையாவது குடுங்க."

"கொஞ்சம் பொறுங்க. ரெண்டும் இப்ப எனக்கு வேணும்."

இஞ்சின் இரண்டு தரம் இருமியது. அப்புறம் தன்பாட்டில் ஓட ஆரம்பித்தது.

சென்னியப்பன் ஒரு கிளாஸை ஜன்னலுக்குள் நீட்டினார்.