கடலில் விட்ட வேட்டி

பேர்தான் மௌனசாமி. வாய் ஓயவே ஓயாது. பாம்பன் பக்கம் கடலோரத்தில் அவருக்கு ஒரு சின்ன மடம். அங்கே மூன்று வருஷமாகக் காவிக்குக் காத்துக் கிடந்தவர் தென்காசி சிவசைலம். பேரன் பேத்தி எடுத்த மனுஷர். அன்றைக்குத்தான் அவருக்குத் தீட்சை.

காலையிலேயே ஒரு கேள்வியோடு வந்து நின்றார்.

“சாமி, நம்ம கடல்ல பவளப்பாறையெல்லாம் சாகுதாமே. காப்பாத்த ஒரு யாகம் வளர்த்தா என்ன?”

“முதல்ல போய்க் குளிச்சிட்டு வாய்யா. யாகத்தை அப்புறம் பார்க்கலாம்.”

குளித்துவிட்டுத் துண்டோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“கட்டியிருந்த வேட்டி எங்க?”

“வழக்கப்படி கடல்ல விட்டுட்டேன் சாமி. பாவமெல்லாம் அதோட போகணுமில்ல? கிழிசலை விட்டா பாதிதான் போகும்னு, புது வேட்டியாவே வாங்கிக் கட்டி, அதை விட்டேன். பத்து வருஷமானாலும் கிழியாதுன்னான் கடைக்காரன்.”

சாமி தலையில் அடித்துக்கொண்டார்.

“அட கர்மமே! அது எங்கய்யா போகும்? வா, காட்டுறேன்.”

கடல் வற்றியிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நடந்தார்கள். வேட்டி அதிக தூரம் போகவில்லை. பவளக் கிளைகளில் சுற்றிக்கொண்டு கிடந்தது. அதற்கு அடியில் யாரோ விட்ட புடவை. அதற்கும் அடியில் ஒரு சட்டை. துணி மூடாத பவளம் பழுப்பாக உயிரோடு இருந்தது. மூடிய இடம் வெளுத்துக் கிடந்தது.

சிவசைலம் வேட்டியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். ஒரு கிளை முறிந்தது.

“இழுக்காதய்யா!”

சிவசைலம் பதறிப்போய்ப் பக்கத்துப் பாறையில் ஏறி நின்றார்.

“அதுவும் உசுருதான்! இறங்கு! மணல்ல நில்லுய்யா, மணல்ல! உன்னோட நான் என்னதான் பண்ணுவேன்!”

ஒவ்வொரு கிளையாக விடுவித்து மூன்று துணியையும் எடுப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. நல்ல நேரமெல்லாம் போயே போச்சு. கரை ஏறும்போது சிவசைலத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

“சாமி, என் காவி?”

சாமி வேட்டியைப் பிழிந்து அவர் கையில் கொடுத்தார்.

“இதைக் காயப்போட்டுக் கட்டிக்க. இது கிழியட்டும், தர்றேன்.”

சிவசைலம் வேட்டியை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். கடைக்காரன் பொய் சொல்லவில்லை. நல்ல கெட்டி நூல்.