அரிசித் தோணிக்கு எத்தனை ஆள்?

புயல் அடித்து ஓய்ந்தபின் தீவுக் குப்பத்தில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. பொழுது சாய்வதற்குள் அரிசி வந்துவிடும் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார் பொன்னுரங்கம். ஓய்வு பெற்ற இயற்பியல் வாத்தியார். இப்போது கழிக்கரை மடத்தில் சீடர். அவருடைய குரு முத்தம்மைக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும்.

மூட்டைகள் தோணியில் ஏறிவிட்டன. உப்பங்கழியின் குறுக்கே தீவுவரை கட்டிய கயிற்றைத் தோணியில் நின்றபடி இழுத்தால் அக்கரை போய்விடலாம். இழுக்கத்தான் ஆள் இல்லை. தோணிக்காரர்கள் பறந்துபோன தங்கள் கூரைகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பொன்னுரங்கம் ஈர மணலில் குச்சியால் கணக்குப் போட்டார். கணக்கென்று வந்துவிட்டால் மனிதருக்கு உலகமே மறந்துபோகும்.

"பன்னிரண்டு பேர் வேணும் தாயே. இருக்கிறது நாம ரெண்டு பேர். என் வாக்கு போச்சு."

"எப்படிக் கணக்குப் போட்டீங்க?"

"தோணியோட எடை. அது எவ்வளவு சீக்கிரம் வேகம் எடுக்கணும்கிறது. ரெண்டையும் பெருக்கினா தேவையான விசை."

"எவ்வளவு சீக்கிரம்?"

"தோணிக்காரங்க 'ஏலேலோ ஐலசா'ன்னு வெட்டி இழுப்பாங்களே, அந்த ஒரே இழுப்புல கிளம்பணும். அதானே வழக்கம்?"

முத்தம்மை கட்டை அவிழ்த்துவிட்டுத் தோணியில் ஏறினார். கயிற்றைப் பிடித்து, பாட்டில்லாமல், உடம்பைப் பின்னால் சாய்த்து நின்றார். ஒன்றும் நடக்கவில்லை.

"விட்டுடுங்க தாயே, வீண் வேலை."

அவர் விடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தோணிக்கும் கரைக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீர் தெரிந்தது. பிறகு ஒரு சாண். பொன்னுரங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாவி ஏறி அவரும் கயிற்றைப் பிடித்தார்.

தோணி எருமை எழுந்து நடக்கிற மாதிரி நகர்ந்தது. வெயில் இன்னும் தணியவில்லை. அக்கரையில் பாத்திரங்களோடு ஆட்கள் இறங்கி வருவது தெரிந்தது.

பொன்னுரங்கம் மூச்சு வாங்கக் கேட்டார்.

"அப்போ என் கணக்கு தப்பா தாயே?"

"சரிதான் வாத்தியாரே. அந்த எடை தோணியோடது. அவசரம் தோணியோடது இல்லையே."