காந்தள் கிழங்கும் கழுவிய காலும்

குன்றக்காட்டு வேலவன் கோயிலுக்கு நூற்றெட்டுப் படிகள். படியடி வாசலைப் பெருக்குவது ஒச்சாயி அம்மையாரின் திருப்பணி. தினமும் விடியலில் வேலியோரம் பூத்த செங்காந்தளைப் பறித்து வருவார். ஆனால் மேலே ஏற விடமாட்டார்கள். காந்தள் கிழங்கைத் தோண்டுகிற நஞ்சுக் கையாம்! "முருகா, இங்கிருந்தே எடுத்துக்கப்பா" என்று அடிப்படியில் பூவை வைத்துக் கும்பிட்டுத் திரும்புவார். அதைக் குறையாக ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தக் கையை ஊர் தேடி வருகிற வேளையும் உண்டு. பிள்ளை பிறந்தும் நஞ்சுக்கொடி விழாமல் தாய் தவித்தால், அம்மையார் கிழங்கை அரைத்து அடிவயிற்றிலும் உள்ளங்காலிலும் தடவுவார். கொடி விழுந்த மறுகணமே கழுவிவிட வேண்டும். பூச்சு தங்கினால் உதிரம் நிற்காது. விழுங்கினாலோ உயிரே போய்விடும்.

ஒருநாள் காலை பூவோடு வந்தவரைப் பூசாரி சடையாண்டியின் மனைவி குருவம்மாள் ஓடிவந்து மறித்தாள். மருமகளுக்குப் பிள்ளை பிறந்து வெகுநேரமாகியும் கொடி விழவில்லை. சாமிக்குப் பூ வைக்காத முதல் நாள்! ஆனாலும் அம்மையார் பூவை அவர்கள் வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனார். கிழங்கை அரைத்துத் தடவினார்.

கொடி அசையவில்லை. அவசரக்காரி குருவம்மாள் என்ன செய்தாள்? தடவுவதைவிடக் குடித்தால் சீக்கிரம் கேட்குமென்று மிச்ச விழுதைப் பாலில் கலக்கிவிட்டாள்! அம்மியில் விழுதைக் காணாத அம்மையார் சட்டென்று திரும்பினார். மருமகளின் உதட்டருகே போன கிண்ணத்தைத் தட்டிவிட்டார்.

"பாவி, மருந்தக் கொட்டிட்டியே! எம் மருமகளக் கொல்லவா வந்த?" குருவம்மாள் அவர் முடியைப் பிடித்து அறைந்தாள். அந்நேரம் கொடி விழுந்தது.

"என்னைய அப்பறம் அடிங்க தாயி! மொதல்ல ஒங்க மருமக காலக் கழுவ விடுங்க!"

பிடி தளரவில்லை. உதிரம் பெருகியது. முடி அவள் கையில் இருக்க, அம்மையார் தவழ்ந்துபோய் வெந்நீர்ப் பானையை இழுத்தார். வயிற்றையும் காலையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். வாய் "முருகா, முருகா" என்றது. மெல்ல மெல்ல உதிரம் அடங்கியது. பெண் கண்விழித்து, "தண்ணி" என்றாள்.

பூசைக்கு நேரமாயிற்றென்று மலையேறியிருந்த சடையாண்டி, நடையைத் திறந்ததும் குனிந்து பார்த்தார். வேலவனின் திருவடிகள் ஈரமாக இருந்தன. தொட்டார், வெந்நீர்ச் சூடு. கால்விரலிடுக்கில் கழுவியும் போகாத கிழங்கு விழுது. அருகே ஒரு செங்காந்தள்.

வீட்டுக்கு ஓடிவந்து நடந்ததைக் கேட்டார். வாசலில் வைத்த பூவைக் காணவில்லை. அம்மையாரின் காலில் விழுந்தார்.

"ஆத்தா, மேல வாங்க. இனி ஒங்க கையாலதான் அவனுக்குப் பூ."

குருவம்மாள் அழுதுகொண்டே அம்மையாரின் பூக்கூடையைச் சுமந்து பின்னால் ஏறினாள்.

கழுவியது ஒரு தாயின் காலை. நனைந்ததோ குமரன் திருவடி. அந்த நஞ்சுக் கையை நாமும் கண்ணில் ஒற்றிக்கொள்வோம்.